இடுப்பு நாற்பத்தொன்பது

என் ஓரகத்திக்கு 'ஸ்விட்ச்' என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். தலைவலி வந்தால் அவள் செய்கிற முதல் காரியம் விளக்கை அணைப்பது. கூடத்து விளக்கு, சமையலறை விளக்கு, குளியலறை விளக்கு என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போய்க் கடைசியில் தன் அறைக்குள் விழுவாள். அந்த நேரத்தில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தால் என்ன, என் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தால் என்ன, அவளுக்குக் கவலையில்லை. இந்தப் பெயரைத் தொழிற்சாலையில் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வாய்தவறி என்பது பொய். பரவட்டும் என்றுதான் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்குள் நாங்கள் வேலை செய்கிற மாடி முழுக்கப் பரவிவிட்டது.

நாங்கள் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். அவள் மூத்தவர் மனைவி, நான் இளையவர் மனைவி. ஒரே வீடு, ஒரே சமையலறை, போதாக்குறைக்கு ஒரே தொழிற்சாலை. முதல் நாளிலிருந்தே எங்களுக்கு ஏழாம் பொருத்தம். நான் இந்த வீட்டுக்கு வந்த அன்று அவள் இருட்டறையில் படுத்திருந்தாள். புதுப்பெண்ணைப் பார்க்கக்கூட எழுந்து வரவில்லை. "தலைவலியாம்" என்று மாமியார் உதட்டைப் பிதுக்கினார். மாமியார் இப்போது இல்லை. ஆனால் அந்த உதட்டுப் பிதுக்கலை நான் அப்படியே வாங்கிக்கொண்டு பதினாலு வருஷமாக வைத்திருந்தேன்.

அவளுக்கு முதல் தலைவலி பதின்மூன்று வயதில், வகுப்பில் வந்ததாம். பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று டீச்சர் வெளியே நிற்க வைத்தார். வெயிலில் நின்று வாந்தி எடுத்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனது, சரியாகவில்லை. பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார்கள். இரண்டு பெண்கள் பிறந்தார்கள், இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இன்னும் மோசமானது. இப்போது நாற்பத்து மூன்று வயது. மாதவிலக்கு நின்றால் சரியாகிவிடும் என்று அவளே சொல்லிக்கொள்கிறாள். மாதத்தில் எட்டு நாள் போய்விடும். அந்த எட்டு நாளும் அவள் பங்கு வேலை என் தலையில்.

வந்தபோது ஒல்லியாக இருந்தாள், கல்யாணப் போட்டோவில் பார்க்கலாம். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் நெஞ்சு எரிகிறது என்று ஆறேழு பிஸ்கட்டும் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயும் மாத்திரைக்குத் துணையாக வந்தன. மாத்திரை கூடக்கூடப் பிஸ்கட்டும் கூடியது. வலி இருக்கும் நாள் படுக்கை, வலி இல்லாத நாள் வலி வந்துவிடுமோ என்ற பயத்தில் படுக்கை. சதை வேறெங்கும் போடவில்லை, எல்லாம் இடுப்பைச் சுற்றி. "கொஞ்சம் நடக்கலாம்ல அக்கா" என்பேன், அக்கறை இருக்கிறமாதிரிக் குரலை வைத்துக்கொண்டு. "வெயில்ல நாலு தெரு நடந்தா மண்டை பிளக்குது. என் மண்டையைக் கடன் வாங்கிட்டுப் போய் நீ நட" என்பாள். அவள் வாய் ஒன்றும் சும்மா இருக்கிற வாயில்லை.

அவள் படுத்திருக்கும் நாட்களில் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். தெரிந்துதான் வைப்பேன். மூடியைக் கீழே போடுவேன். ஒருமுறை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, "உனக்குப் புண்ணியமாப் போகும், சத்தம் போடாதே" என்றாள். "ஏழு பேருக்கு சமைக்கிறப்போ சத்தம் வரத்தான் செய்யும்" என்றேன். ஏழு பேருக்குச் சமைக்க அவ்வளவு சத்தம் வராது, அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தைத்து முடித்த பேண்ட்டுகளைச் சரிபார்க்கிற வேலை. வெள்ளை மேசை, தலைக்கு மேலே இரண்டு டியூப்லைட், கழுத்தில் அளவு டேப். பேண்ட்டை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, தையல் விட்டிருந்தால், கறை இருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். பிறகு அளவு. பட்டனைப் போட்டு, இடுப்பை மேசைமேல் தட்டையாகப் பரப்பி, இந்தப் பக்கத் தையலிலிருந்து அந்தப் பக்கத் தையல்வரை டேப்பை வைப்போம். முப்பத்தெட்டு சென்டிமீட்டர் வந்தால் முப்பத்தெட்டு என்றே எழுதுவோம். சுற்றளவு எழுபத்தாறு என்று யாரும் எழுதுவதில்லை. அளவுத்தாளிலேயே பாதி அளவுதான் போட்டிருக்கும். பதினோரு வருஷமாக எனக்கு இடுப்பு என்றால் பாதி இடுப்புதான். என் வீட்டுக்காரருக்குப் பேண்ட் வாங்கப் போன கடையில் இடுப்பு நாற்பத்திரண்டு என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் அதை அங்குலமாக எடுத்துக்கொண்டு ஒன்றை எடுத்துப்போட்டார். அதில் என் வீட்டுக்காரரோடு நானும் உள்ளே போகலாம். இது எங்கள் மாடியில் எல்லாருக்கும் ஒருமுறையாவது நடந்திருக்கிறது.

ஓரகத்தி கடைசி மேசையில் இருந்தாள். அங்கேதான் இறுதிச் சரிபார்ப்பு, அதைத் தாண்டினால் பெட்டிக்குள் போய்விடும். முதுகு சாயும் நாற்காலி அந்த மேசைக்கு மட்டும்தான் உண்டு, மற்றவர்களெல்லாம் நாளெல்லாம் நிற்கிறோம். பதினாறு வருஷ அனுபவம் அவளுக்கு. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் விட்டுப்போன ஒற்றைத் தையல் தட்டுப்பட்டுவிடும். அவளுக்கு அடுத்து அந்த நாற்காலி எனக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கு ரொம்ப நன்றாகவே தெரியும்.

போன வருஷக் கடைசியில் ஒருநாள் அவள் பதினாலு பேண்ட்டில் அம்பு ஒட்டி அனுப்பினாள். எல்லாம் இடது காலில். தையல்காரிகள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. அதே நாளில் வலது பக்கம் தையல் பிரிந்து வாய் பிளந்திருந்த ஒன்றை அவள் சரி என்று பெட்டிக்கு அனுப்பியிருந்தாள். சூப்பர்வைசர் அந்தப் பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு மாடி முழுக்க நடந்தார்.

"இல்லாத ஓட்டைக்கு அம்பு, இருக்கிற ஓட்டைக்கு ஓகேவா? கண்ணு எங்கம்மா இருந்துச்சு?"

"கண்ணுல பளபளன்னு கோணல் கோடு ஓடுச்சு சார். துணி மேலதான் ஏதோ இருக்குன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு பக்கம் தெரியவே இல்லை. அது வந்தா அரைமணி நேரத்துல தலைவலி வந்துடும். எனக்கு ஒத்தைத் தலைவலி சார்."

"ஒத்தையா வந்ததுக்கே இந்த ஆட்டமா? ரெட்டையா வந்தா என்ன பண்ணுவே?"

மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் திரும்பி என்னை மட்டும் பார்த்தாள்.

மறுநாள் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் சூப்பர்வைசர் என்னைப் பிடித்தார். "ஒரே வீட்டுலதானே இருக்கீங்க. மனசைத் தொட்டு சொல்லும்மா. நெசமாவே வலியா, நாடகமா?"

அப்போது தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முதல் நாள் ராத்திரியும் தனியாகச் சமைத்த எரிச்சல், அந்த நாற்காலி, எல்லாம் சேர்ந்து வாயில் வந்துவிட்டன. "வீட்டு வேலைன்னா வரும் சார். சீரியல் போட்டா போயிடும்" என்றேன். அவள் வலி விட்ட ஒரு சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தது உண்மை. அந்த ஒரு சாயங்காலத்தை வைத்துக்கொண்டு பதினாலு வருஷத்தையும் சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அடுத்த மூன்று மாதத்தில் அவளுக்கு மூன்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பொய்க்காரணம் சொல்லி விடுப்பு எடுப்பதாகக் குற்றம். மூன்றாவது கடிதத்தில் விசாரணைத் தேதியும் இருந்தது, வியாழக்கிழமை பத்து மணி, மேனேஜர் அறை. பொய் என்று முடிவானால் அன்றோடு வேலை போச்சு. மூத்தவருக்கு முழங்கால் போய் இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறார். இரண்டு பெண்களும் வெளியூரில் படிக்கிறார்கள். அவள் சம்பளம்தான் அந்த நாலு பேருக்கும். எனக்கு இது தெரியாததில்லை. நான் சொன்னது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் தெரியாது, விசாரித்துத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

வியாழன் காலை பேருந்தில் அவள் பக்கத்தில் இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன். அவளே பேசினாள்.

"ஆறு மாசம் முன்னாடி மெடிக்கல் செக்கப் பண்ணாங்கல்ல. ஃபைல் இருக்கும். என் உடம்பு எப்படி இருக்குன்னு அதுல இருக்கும். அதை எடுத்துப் பார்க்கச் சொல்லப் போறேன். நான் சொன்னா நம்ப மாட்டாங்க, எழுதி வெச்சதை நம்பித்தானே ஆகணும்."

"சொல்லுங்க அக்கா" என்றேன்.

அந்தச் செக்கப்பின் லட்சணத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் தொழிற்சாலையில் முந்நூறு பெண்களுக்கும் இடுப்பளவு, பிரஷர், வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று விதி. மூன்றும் சிவப்புக் கட்டத்தில் விழுந்தால் கம்பெனி செலவில் வெளியே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். தொழிற்சாலை நர்ஸ் முந்நூறு இடுப்பையும் குனிந்து அளக்கிற ஜாதி இல்லை. ஃபார்மை எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். "டேப் பிடிக்கிறதுதானே உங்க பொழப்பு. ஒருத்திக்கொருத்தி அளந்து எழுதிக் குடுங்க. பிரஷரும் சர்க்கரையும் நான் பார்த்துக்கறேன்."

ஓரகத்தியை நான் அளந்தேன். அவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவளுடைய மேலாடையின் இந்தப் பக்கத் தையலிலிருந்து அந்தப் பக்கத் தையல்வரை டேப்பை வைத்தேன். நாற்பத்தொன்பது. எழுதினேன். என்னை அவள் அளந்தாள். நாற்பத்து மூன்று. எழுதினாள். இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. மாடியில் எல்லாருமே அப்படித்தான் பேண்ட்டை அளக்கிற கையால் ஒருத்தியை ஒருத்தி அளந்து முடித்துக் கட்டுக்கட்டாகக் கொடுத்தோம்.

மேனேஜர் அறையில் மேனேஜர், சூப்பர்வைசர், நர்ஸ் மூன்று பேருக்கும் நாற்காலி இருந்தது. அவளும் நானும் நின்றோம். ஒரே வீட்டு ஆள் என்பதால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் ஃபைலைப் பார்க்கச் சொன்னாள். நர்ஸ் ஃபார்மை எடுத்து வாசித்தார்.

"பிரஷர் நூத்தி முப்பத்தெட்டு, கொஞ்சம் கூட. சர்க்கரை நூத்திப் பன்னெண்டு, அதுவும் கொஞ்சம் கூட. இடுப்பு நாற்பத்தொன்பது, அது நல்லாவே இருக்கு. மொத்தத்துல இயல்புன்னுதான் சார் கம்ப்யூட்டர் சொல்லுது."

அவள் குனிந்து தன் இடுப்பையே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். வேறு யாரும் பார்க்கவில்லை. எதிரில் ஒரு பெண் நிற்கிறாள், அவளை விட்டுவிட்டு மூன்று பேரும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஃபார்மைப் பார்த்தேன். ஒன்பதின் வாலைச் சுழித்து எழுதுகிற பழக்கம் அந்த மாடியில் எனக்கு மட்டும்தான். அப்போதுதான் உறைத்தது.

உடனே வாயைத் திறந்தேன் என்று சொன்னால் அது பூசி மெழுகுவது. திறக்கவில்லை. பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். அவள் போய்விடுவாள், திங்கட்கிழமை நான் உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம், என் குதிகால் வலி போகும். அவள் எழுந்து போன நாற்காலியில் என்னை உட்கார வைத்துக்கூடப் பார்த்துவிட்டேன். அவள் மேனேஜரிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அது எப்படி சார் இயல்பு? எனக்கு மாசத்துல எட்டு நாள் உலகமே இல்லை சார்."

"மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றார் சூப்பர்வைசர்.

நர்ஸ் ஃபைலை மூடினார். "பொம்பளைங்களுக்குத் தலைவலி ஒரு சாக்கு சார். நானும் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். உடம்பு நல்லாத்தான் இருக்கும். மனசுதான் வேலைக்கு வர மாட்டேங்கும்."

என்னைப் பேச வைத்தது அவள்மேல் வந்த இரக்கம் இல்லை. நர்ஸ்மேல் வந்த கோபம். தான் செய்ய வேண்டிய வேலையை எங்கள் தலையில் கட்டிவிட்டு, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் அவர். நாங்கள் எழுதிக் கொடுத்ததைப் பார்க்காமல் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, இப்போது மனசைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

"சார், அது பாதி அளவு" என்றேன்.

"என்னது பாதி?"

"நாற்பத்தொன்பது பாதி சார். சுத்தளவு தொண்ணூத்தெட்டு. பேண்ட் அளக்கிற மாதிரியே அளந்து எழுதிட்டேன். அது என் கையெழுத்து."

நர்ஸின் முகம் மாறியது. "தப்பா எழுதிட்டு என்னைச் சொல்றியா?"

"நான் மட்டும் இல்லைங்க, மாடியே அப்படித்தான் எழுதிச்சு. நாற்பத்தொன்பது சென்டிமீட்டர் இடுப்பு மூணு வயசுப் பிள்ளைக்குத்தான் இருக்கும். முந்நூறு ஃபார்ம் தட்டினீங்களே, ஒண்ணுலகூட உங்களுக்கு சந்தேகம் வரலையா?"

மேனேஜர் யாரையும் திட்டவில்லை. கணினியைத் தன் பக்கம் திருப்பி, நாற்பத்தொன்பதை அழித்துத் தொண்ணூற்றெட்டு போட்டார். மூன்றாவது கட்டமும் சிவப்பானது. விதி விதிதான், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், விசாரணை தள்ளி வைக்கப்படுகிறது என்றார். ஓரகத்தி என்னைப் பார்த்தாள். நன்றி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஒரு பேண்ட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

அடுத்த வாரம் முந்நூறு பேரையும் மறுபடி அளந்தார்கள், இந்த முறை நர்ஸே டேப்பைச் சுற்றினார். நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் சிவப்பில் விழுந்தார்கள். எனக்கு இடுப்பு எண்பத்தாறு, அந்த ஒரு கட்டம் சிவப்பு. மாடியில் ஒருத்தியும் எனக்கு நல்ல வார்த்தை சொல்லவில்லை. "நிம்மதியா இருந்தோம், வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல" என்று முகத்தில் அடித்தமாதிரிக் கேட்டாள் பட்டன் வைக்கிறவள். அளவு தெரியாமல் இருப்பதற்குப் பெயர் நிம்மதியாம்.

ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு யாராவது போக வேண்டும், மூத்தவரால் படி ஏற முடியாது. நான்தான் போனேன். டாக்டரம்மா முதலில் அவளைப் பேசவிட்டார். முப்பது வருஷத்தில் அவள் பேச்சை யாரும் குறுக்கே வெட்டாமல் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கோணல் கோடு, ஒரு பக்கம் மறைவது, அம்பு ஒட்டியது எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"கண்ணுல கோடு தெரியறது ஒற்றைத் தலைவலியிலயே ஒரு வகை. மூளையில நெசமாவே நடக்கிற விஷயம். நடிச்செல்லாம் வரவழைக்க முடியாது."

நான் சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ரத்தப் பரிசோதனைச் சீட்டும் வந்திருந்தது. சர்க்கரை எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கிறது, ரத்தத்தில் கெட்ட கொழுப்பு கூட, நல்ல கொழுப்பு குறைவு. நான்தான் கேட்டேன், "இடுப்பு பெருத்ததால தலைவலியா டாக்டர், தலைவலியால இடுப்பு பெருத்துச்சா?"

"எது எதை இழுத்துட்டு வருதுன்னு இன்னும் தீர்மானமாத் தெரியலைம்மா. ஆனா பொம்பளைங்ககிட்ட ரெண்டையும் சேர்த்தே நிறையப் பார்க்கறோம். உடம்பு சாப்பாட்டைச் செலவழிக்கிற முறை கெட்டா பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, இடுப்பு எல்லாம் ஏறும். அவங்களுக்குத் தலைவலியும் அடிக்கடி வருது. தலைவலி வந்தா நேரத்துக்கு சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, நடை இல்லை. அதனால அது இன்னும் கெடுது. ஒண்ணை ஒண்ணு வளர்த்துவிடுதுன்னு வெச்சுக்குங்க."

"எல்லாரும் தின்னு தின்னு பெருத்துட்டேன்னு சொல்றாங்க" என்றாள் ஓரகத்தி. யார் சொன்னார்கள் என்று சொல்லவில்லை.

"நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பட்டினி கிடந்தாலும் உங்களுக்குத் தலைவலி வரும். நேரத்துக்கு சாப்பிடணும், அந்த சர்க்கரை டீயையும் பிஸ்கட்டையும் மட்டும் விடணும். மாசத்துக்கு எத்தனை வலி மாத்திரை?"

"இருபது, இருபத்தஞ்சு."

"அந்த மாத்திரையே இப்போ தலைவலியைக் கொண்டுவருது. வலி வராம தடுக்க வேற ஒண்ணு தர்றேன், எடை போடாததாப் பார்த்து. பிரஷருக்கும் பார்க்கணும். கண்ணுல கோடு தெரியற பொம்பளைங்களுக்கு மூளையில ரத்தம் அடைக்கிற ஆபத்து மத்தவங்களைவிடக் கொஞ்சம் கூட. பிரஷரும் சர்க்கரையும் சேர்ந்தா அது இன்னும் ஏறும். பயமுறுத்தச் சொல்லலை. ஆறு மாசம் முன்னாடியே வந்திருக்கணும்."

"வந்திருப்பேன் டாக்டர். இயல்புன்னு சீட்டு குடுத்துட்டாங்க" என்றாள்.

பேருந்தில் திரும்பும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது, மறைக்க மாட்டேன். என்ன இருந்தாலும் நான் சொன்னதால்தானே இவள் இன்று டாக்டரைப் பார்த்தாள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். என்றாவது ஒருநாள் அவள் வாயால் அதைச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

டாக்டரின் கடிதம் போன பிறகு மூன்று எச்சரிக்கையையும் ரத்து செய்தார்கள். கடைசி மேசை அவளுக்கே. வெளிச்சம் கண்ணில் நேராக அடிக்காதபடி டியூப்லைட்டுக்குத் தடுப்பும் போட்டுக் கொடுத்தார்கள். ரத்தான கடிதங்களின் நகலில் கையெழுத்துப் போட மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். முன்பு ஒவ்வொரு கடிதத்தையும் சூப்பர்வைசர் வாயால் சொல்லிக் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருந்தார். இந்த முறை கையெழுத்துப் போடுமுன் அவள் எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்திருக்கிறாள். பதினாறு வருஷமாகக் குறை தேடுகிற கண் அது. அந்த நகல்களை வீட்டுக்கும் கொண்டுவந்தாள்.

சாயங்காலம் நான் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவள் வந்து மேடைமேல் ஒரு காகிதத்தை வைத்தாள். முதல் எச்சரிக்கைக் கடிதம். ஒரு வரியின் பக்கத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். 'உடன் வசிக்கும் உறவினர் அளித்த தகவலின்படி, இவருக்கு வீட்டு வேலை நேரத்தில் மட்டுமே வலி வருகிறது. தொலைக்காட்சித் தொடர் நேரத்தில் வருவதில்லை.'

"அளவு தப்புன்னு மேனேஜர் முன்னாடி சொன்னே. சரி. அது உன் கையெழுத்து, மூணு பேர் பார்த்துட்டு இருந்தாங்க, சொன்னே. இதை யார் சொன்னா?"

"எது அக்கா?"

"படிக்கத் தெரியும்ல உனக்கு."

தண்ணீரை வடித்தேன். மறுபடி ஊற்றினேன். மூத்தவர் கூடத்தில் இருமினார். சூப்பர்வைசரே இட்டுக்கட்டி எழுதினார் என்று சொல்லலாமா என்று யோசித்தேன், அந்த நேரத்திலும் யோசித்தேன்.

"நான்தான் அக்கா" என்றேன்.

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குச் சத்தம் ஆகாது. காகிதத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அளவு மாறிப்போனது தொழில் பழக்கம். என் கையும் அதைத்தான் செஞ்சுச்சு, உன்னை நானும் பாதிதான் எழுதினேன். அதுக்காக உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லை. இது பழக்கம் இல்லை. பக்கத்து அறையில நான் சுவத்துல தலையை முட்டிக்கிறது உனக்குக் கேக்கும்."

"கேக்கும்" என்றேன்.

"இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதே."

அவ்வளவுதான் சொன்னாள். தன் பங்குக் காயை எடுத்து வைத்து நறுக்க ஆரம்பித்தாள்.

இதெல்லாம் நடந்து ஏழு மாதம் ஆகிறது. அவளுக்குத் தலைவலி எட்டு நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைந்திருக்கிறது. இடுப்பு தொண்ணூற்று மூன்று என்று மூத்தவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார், அவர் என்னிடம் சொன்னார். அவள் என்னிடம் எதுவும் சொல்வதில்லை. ஒரே வீட்டில் ஒருத்தியை ஒரு சொல்லும் இல்லாமல் எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, மூத்தவள். 'இங்க பாருங்க' என்று ஓரிரு முறை சொல்லிப் பார்த்தேன், யாரோ கடைக்காரரைக் கூப்பிடுகிறமாதிரி இருந்தது. இப்போது ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவள் அறை வாசலில் போய் நிற்கிறேன். அவளாகத் திரும்பிப் பார்க்கும்வரை நிற்கிறேன். நான் நிற்பது அவளுக்குத் தெரியும். சில நாள் திரும்புவாள், சில நாள் திரும்புவதில்லை.